வீட்டுச் சீரமைப்புச் செலவுத் திட்டம்

வீட்டுச் சீரமைப்புச் செலவுத் திட்டம் என்பது, குடியிருக்கும் பழைய வீடொன்றைப் பழுதுபார்ப்பதற்கோ மாற்றியமைப்பதற்கோ தேவைப்படும் பொருள், கூலி, காலம், கடன் ஆகியவற்றைப் பணி தொடங்குமுன் கணக்கிட்டு எழுதிவைக்கும் முறை ஆகும். வீட்டுக்காரரே வேலையின் ஒரு பகுதியைச் செய்து, எஞ்சியதைக் கொத்தனார், தச்சர், மின்பணியாளர் ஆகியோரிடம் தருவது தமிழ்நாட்டில் பரவலாகக் காணப்படும் வழக்கம். இக்கட்டுரை இவ்வழக்கத்தை மதுரை மாநகரையும் அதைச் சுற்றியுள்ள சமவெளியையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது.

புதுவீட்டுக்கான செலவை வரைபடத்திலிருந்து கணக்கிட முடியும். சீரமைப்புச் செலவை அவ்வாறு கணக்கிட இயலாது. சுவரின் பூச்சைப் பெயர்த்த பின்னரே உள்ளிருக்கும் செங்கல்லின் நிலையும், தரையைத் தோண்டிய பின்னரே குழாயின் நிலையும் தெரியவரும். ஆகவே சீரமைப்புத் திட்டத்தில் தெரிந்த செலவு, தெரியாத செலவு என இரண்டுக்கும் இடம் ஒதுக்க வேண்டியுள்ளது. இவ்வொதுக்கீடு இல்லாமையால் பணி பாதியில் நிற்பதும், அதை முடிக்கக் கூடுதல் வட்டிக்குக் கடன் பெறுவதும் நடுத்தர, ஏழைக் குடும்பங்களில் அடிக்கடி நிகழ்கின்றன.

== சொற்களும் அலகுகளும் ==

மதுரை வட்டாரக் கட்டட வேலையில் வழங்கும் சில சொற்களும் அலகுகளும் வருமாறு:

* மூட்டை: 50 கிலோகிராம் சிமெண்ட். இதன் கனவளவு ஏறத்தாழ 0.0347 கன மீட்டர், அதாவது 1.23 கன அடி.
* யூனிட்: மணல், ஜல்லி ஆகியவற்றை அளக்கும் அலகு. ஒரு யூனிட் 100 கன அடி.
* கொத்தனார்: செங்கல் கட்டுதல், பூச்சு வேலை ஆகியவற்றைச் செய்யும் தேர்ந்த தொழிலாளர்.
* சித்தாள்: கலவை, செங்கல் ஆகியவற்றைச் சுமந்து கொடுக்கும் உதவியாளர். பெரும்பாலும் பெண்கள் இவ்வேலையைச் செய்கின்றனர்.
* மேஸ்திரி: ஆட்களைத் திரட்டி வேலையை மேற்பார்வையிடுபவர்.
* தட்டோடு: மொட்டை மாடியில் மழைநீர் இறங்காதிருக்கப் பதிக்கப்படும் தட்டையான சுடுமண் ஓடு.
* பட்டி: வண்ணம் பூசுமுன் சுவரைச் சமன்படுத்தத் தடவப்படும் பசை.

== வரலாற்றுப் பின்னணி ==

மதுரையில் சீரமைப்பு என்பது புதிய வழக்கமன்று. திருமலை நாயக்கரால் 1636 ஆம் ஆண்டில் கட்டப்பட்ட அரண்மனையின் பெரும்பகுதி பிற்காலத்தில் சிதைந்தது. எஞ்சிய பகுதி, 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபுவின் காலத்தில் செப்பனிடப்பட்டது. செங்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் ஆன பழைய கட்டடம், தொடர்ந்து பேணப்பட்டால் பல நூற்றாண்டுகள் நிலைக்கும் என்பதற்கு இவ்வரண்மனை சான்றாக உள்ளது.

உழைப்பைப் பணத்துக்கு ஈடாகக் கொள்ளும் முறைக்கும் இந்நகரில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 19 ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மாவட்ட ஆட்சியர் பிளாக்பர்ன் மதுரைக் கோட்டைச் சுவரை அகற்ற முற்பட்டபோது, சுவரை இடித்து அகழியை நிரப்ப முன்வந்தவர்களுக்கு அவ்விடத்திலேயே வீட்டுமனை வழங்கப்பட்டது. அகழி இருந்த இடத்தில் வெளி வீதிகள் உருவாயின. இப்பணியில் ஈடுபட்ட பெருமாள் மேஸ்திரி, மாரட் ஆகியோரின் பெயர்கள் இன்றும் வீதிப் பெயர்களாக நிலைத்துள்ளன.

20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மதுரையின் பல வீடுகள் சுண்ணாம்புச் சாந்தாலும், மரத்துலாங்களின் மேல் செங்கற்களைச் சாய்வாக அடுக்கிக் கட்டும் மட்டப்பாத் தளத்தாலும் ஆனவை. பின்னர் சிமெண்டும், கம்பியிட்ட கான்கிரீட்டும் இவற்றின் இடத்தைப் பெற்றன. ஒரே வீட்டில் முன்கட்டு மட்டப்பாவாகவும் பின்கட்டு கான்கிரீட்டாகவும் இருப்பதை மாசி வீதிகளின் சுற்றுப்புறத்தில் இன்றும் காணலாம். இவ்விரண்டுக்கும் பழுதுபார்க்கும் முறையும் செலவும் வேறுவேறு என்பதால், வீட்டின் எப்பகுதி எக்காலத்தில் கட்டப்பட்டது என்பதை அறிவதே செலவுத் திட்டத்தின் முதற்படி ஆகும்.

== மதுரைச் சூழலின் தாக்கம் ==

=== மண் ===

திருமங்கலம், கள்ளிக்குடி வட்டாரங்களில் கரிசல் மண் காணப்படுகிறது. இம்மண் மழைக்காலத்தில் நீரை உறிஞ்சி உப்பும்; கோடையில் சுருங்கி வெடிக்கும். ஆழமற்ற கடைக்காலின் மேல் எழுப்பப்பட்ட சுவர்களில் இதனால் சாய்வான விரிசல்கள் தோன்றும். இத்தகைய விரிசலைப் பூச்சால் மூடினால் அடுத்த கோடையில் அது மீண்டும் தோன்றும். விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதியை எழுதி, ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கவனித்தால், அது நின்றுவிட்ட விரிசலா வளரும் விரிசலா என்பது தெரியும். வளரும் விரிசலுக்குக் கடைக்கால் வேலை தேவைப்படலாம். அதன் செலவு பூச்சு வேலையின் செலவைவிடப் பன்மடங்கு அதிகம்.

=== மழையும் வெயிலும் ===

மதுரை தன் ஆண்டு மழையில் கணிசமான பகுதியை அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவக்காற்றினால் பெறுகிறது. தளத்தைத் திறக்கும் வேலை, வெளிப்பூச்சு, வெளிச்சுவர் வண்ணம் ஆகியவற்றை இக்காலத்தில் வைத்துக்கொண்டால் வேலை நின்ற நாட்களுக்கும் ஈரமான பொருட்களுக்கும் செலவு கூடும். 2024 அக்டோபர் 25 அன்று பெய்த பெருமழையில் செல்லூர் உள்ளிட்ட பகுதிகளில் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. தாழ்வான தெருக்களில் உள்ள வீடுகளில் மின்செருகிகளை உயர்த்துதல், வாசற்படியை உயர்த்துதல் ஆகியவற்றைச் சீரமைப்பின்போதே செய்துகொள்வது பின்னர் தனியாகச் செய்வதைவிடச் சிக்கனமானது.

ஏப்ரல், மே மாத வெயிலில் சிமெண்ட் வேலை விரைவில் உலர்ந்துவிடும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 456, சாதாரண போர்ட்லண்டு சிமெண்டால் ஆன கான்கிரீட்டை 7 நாட்களேனும் ஈரமாக வைத்திருக்க வேண்டும் என்கிறது. கலப்புச் சிமெண்டாயின் இது 10 நாட்கள். வறண்ட வெப்பச் சூழலில் இவற்றை முறையே 10, 14 நாட்களாகக் கூட்டுமாறு அது பரிந்துரைக்கிறது. குடிநீர் வாரத்தில் சில நாட்களே வரும் பகுதிகளில், நீராற்றுவதற்கு லாரித் தண்ணீர் வாங்க நேரும். பலர் இச்செலவைப் பட்டியலில் சேர்ப்பதில்லை.

=== விழாக்கள் ===

சித்திரைத் திருவிழா நாட்களில் மாசி வீதிகளிலும் அவற்றை ஒட்டிய தெருக்களிலும் மணல், செங்கல் வண்டிகள் நுழைவது கடினம். பொங்கல், தீபாவளி, சொந்த ஊர்த் திருவிழா ஆகியவற்றுக்குத் தொழிலாளர்கள் விடுப்பு எடுப்பதும் இயல்பு. ஆடி, மார்கழி மாதங்களில் வீட்டு வேலையைத் தொடங்குவதைப் பலர் தவிர்க்கின்றனர். இக்காரணங்களால் பொங்கல் முடிந்த பின்னர் தொடங்கி ஆடிக்கு முன்னர் முடிக்கும் வகையில் திட்டமிடுவது மதுரையில் ஏற்றது. அந்தத் தவணையில் வேலையாட்களுக்குத் தேவை மிகும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

== பணிகளை வகைப்படுத்தல் ==

செலவைக் கணக்கிடுமுன், பணிகளை யார் செய்வது என்பதைப் பொறுத்து மூன்றாகப் பிரிப்பது பயனுள்ளது.

* '''வீட்டாரே செய்யத்தக்கவை:''' உட்சுவர் வண்ணப்பூச்சு, பட்டி தடவுதல், மரச்சாமான்களுக்கு வார்னிஷ் பூசுதல், பழைய தரை ஓட்டைப் பெயர்த்தல், இடிபாடுகளை மூட்டை கட்டுதல், கதவுக் கொண்டி, கைப்பிடி மாற்றுதல், பொருள் வாங்குதல், கணக்கு எழுதுதல், நீராற்றுதல்.
* '''தேர்ந்தவரின் துணையுடன் செய்யத்தக்கவை:''' தரை ஓடு பதித்தல், பூச்சு வேலை, கழுவுதொட்டி, குழாய் பொருத்துதல், மாடியில் தட்டோட்டு இணைப்புகளை அடைத்தல்.
* '''தேர்ந்தவரிடமே விடவேண்டியவை:''' சுமை தாங்கும் சுவரில் திறப்பு அமைத்தல், மட்டப்பாவின் துலாம் மாற்றுதல், தூண், உத்திரம் தொடர்பான வேலை, மின்கம்பியிடல், நிலத்தொடுப்பு, கழிவுநீர்த் தொட்டி.

மூன்றாம் வகையில் மிச்சம் பிடிக்க முயல்வது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். முக்காலடிச் சுவர் அனைத்தும் சுமை தாங்குபவை எனக் கொள்வது பாதுகாப்பான தொடக்கம். தூண்கள் இல்லாத பழைய வீடுகளில் இரு அறைகளை ஒன்றாக்க நடுச்சுவரை இடிப்பது, மேல்தளம் சரிவதற்கு வழிவகுக்கும். இத்தகைய மாற்றத்திற்குக் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவருக்குத் தரும் கட்டணத்தைச் செலவுத் திட்டத்தின் முதல் வரியாக எழுதவேண்டும். பழைய மதுரைத் தெருக்களில் பல இடங்களில் இரு வீடுகளுக்கும் ஒரே பொதுச்சுவர் உள்ளதால், அண்டை வீட்டாரிடம் முன்கூட்டியே பேசி, அவர்கள் பக்கத்துச் சுவரின் நிலையைப் படம் எடுத்து வைப்பதும் நல்லது.

== அளவுப் பட்டியல் ==

செலவுத் திட்டத்தின் அடித்தளம் விலைப்பட்டியல் அன்று. அளவுப் பட்டியலே ஆகும். விலை மாறக்கூடியது. அளவு சரியாக இருந்தால் விலை மாறும்போது மீண்டும் பெருக்கினால் போதும். இதற்குக் கணினியில் விரிதாள் ஒன்றோ, கட்டமிட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றோ போதுமானது. ஒவ்வொரு வரியிலும் பணி, அலகு, அளவு, விலை, தொகை, செலவான தொகை என ஆறு நிரல்கள் இருக்க வேண்டும். கடைசி நிரல் வேலை நடக்கும்போது நிரப்பப்படும். கணக்கிட்ட தொகைக்கும் செலவான தொகைக்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டே எஞ்சிய பணிகளைத் தொடர்வதா, குறைப்பதா என்று முடிவு செய்ய இயலும்.

=== தரை ஓடு ===

12 அடி நீளமும் 10 அடி அகலமும் உள்ள அறையின் தரைப்பரப்பு 120 சதுர அடி. 2 அடிக்கு 2 அடி ஓடு ஒன்று 4 சதுர அடியை மூடும். எனவே 30 ஓடுகள் தேவை. வெட்டுச் சேதத்திற்கு 10 விழுக்காடு சேர்த்தால் 33. பெட்டிக்கு 4 ஓடுகள் எனில் 9 பெட்டிகள் போதும் எனத் தோன்றும். ஆனால் சுவரடியில் 4 அங்குல உயரத்திற்கு ஓட்டுப் பட்டை பதிக்க வேண்டும். அறையின் சுற்றளவு 44 அடி. கதவுக்கு 3 அடி கழித்தால் 41 அடி. ஓர் ஓட்டை 6 பட்டைகளாக அறுத்தால் 12 அடி கிடைக்கும். எனவே மேலும் 4 ஓடுகள் வேண்டும். மொத்தம் 37 ஓடுகள், அதாவது 10 பெட்டிகள். பட்டையை மறந்து 9 பெட்டி வாங்கியவர் பின்னர் ஒரு பெட்டிக்காகக் கடைக்குச் சென்றால், அதே தயாரிப்புத் தொகுதி கிடைக்காமல் நிறம் வேறுபடலாம்.

=== பூச்சு ===

100 சதுர அடிச் சுவருக்கு 12 மில்லிமீட்டர் தடிமனில், 1 பங்கு சிமெண்டுக்கு 5 பங்கு மணல் என்ற கலவையில் பூச்சு வேலை செய்வதாகக் கொள்வோம். பரப்பு 9.29 சதுர மீட்டர். பூச்சின் கனவளவு 0.111 கன மீட்டர். செங்கல் இடைவெளிகளுக்கும் மேடுபள்ளங்களுக்கும் 25 விழுக்காடு கூட்டினால் 0.139. உலர்ந்த கலவை நீரிட்டால் சுருங்கும் என்பதால் 1.3 ஆல் பெருக்க, 0.181 கன மீட்டர் கிடைக்கும். இதில் ஆறில் ஒரு பங்கு சிமெண்ட்; அது ஏறத்தாழ 0.87 மூட்டை. எஞ்சிய ஐந்து பங்கு மணல். அது ஏறத்தாழ 5.3 கன அடி. பழைய சுவர் கோணலாக இருந்தால் தடிமன் 20 மில்லிமீட்டரைத் தாண்டும். சிமெண்டும் மணலும் அதே விகிதத்தில் கூடும்.

=== வண்ணம் ===

மேற்குறித்த அறையின் உயரம் 10 அடி எனில் சுவர்ப்பரப்பு 440 சதுர அடி. 3 அடிக்கு 7 அடிக் கதவு ஒன்றையும், 4 அடிக்கு 4 அடிச் சன்னல் இரண்டையும் கழித்தால் 387 சதுர அடி. மேற்கூரை 120 சதுர அடியைச் சேர்க்க 507 சதுர அடி ஆகும். ஒரு லிட்டர் இரு பூச்சாக எவ்வளவு பரப்பை மூடும் என்பது கலனின் மேல் அச்சிடப்பட்டிருக்கும். அது 100 சதுர அடி எனில் ஏறத்தாழ 5 லிட்டர் தேவை. விலை குறைந்த வண்ணம் குறைந்த பரப்பையே மூடும். எனவே லிட்டர் விலையை விட, சதுர அடிக்கான விலையையே ஒப்பிட வேண்டும்.

== விலை விவரம் திரட்டல் ==

தமிழ்நாடு பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியல் அரசுக் கட்டுமானங்களுக்கு அடிப்படையாக அமைகிறது. தனியார் வீட்டு வேலைக்கு அது கட்டாயமன்று எனினும், கேட்கப்படும் விலை பொருத்தமானதா என்பதை அறிய உதவும். தமிழ்நாடு அரசின் கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில் (2024) ஊரகப் பகுதியில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 இலட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. இது சதுர அடிக்கு ஏறத்தாழ 972 ரூபாய். சீரமைப்புக்காகச் சதுர அடிக்கு இதைவிட அதிகம் கேட்கப்பட்டால், அதற்கான காரணத்தைப் பணிவாரியாகக் கேட்டறிவது தகும்.

சிமெண்டின் மீதான சரக்கு மற்றும் சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. முன்பு வரியுடன் 400 ரூபாய்க்கு விற்ற மூட்டையின் அடிப்படை விலை 312.50 ரூபாய். அடிப்படை விலை மாறாதிருந்தால் புதிய வரியுடன் 368.75 ரூபாய் ஆகும். பழைய மதிப்பீட்டை வைத்துக்கொண்டு பேசுவோர் இம்மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். வரியுடன் கூடிய விலையா, வரியில்லா விலையா என்பதை ஒவ்வொரு விலைப்புள்ளியிலும் எழுதி வாங்குவது அவசியம்.

வைகை உள்ளிட்ட ஆறுகளில் மணல் அள்ளுவது நீண்டகாலச் சிக்கலாக இருந்துவருகிறது. 2017 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை மணல் குவாரிகளை மூடுமாறு உத்தரவிட்டது. கல்லை உடைத்துத் தயாரிக்கப்படும் எம்-சாண்ட் இப்போது பரவலாகப் பயன்படுகிறது. தமிழ்நாடு அரசு 2023 இல் இதற்கெனக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. கட்டு வேலைக்கு எம்-சாண்டும், பூச்சுக்கு அதைவிட நுண்ணிய பி-சாண்டும் வாங்கப்படுகின்றன. கல்குவாரித் தூசியை எம்-சாண்ட் எனக் கலந்து விற்பது உண்டு. ஒரு கைப்பிடியைக் கண்ணாடிக் குவளை நீரில் கலக்கித் தெளியவிட்டால், மேலே படியும் தூசிப் படலத்தின் தடிமன் கலப்படத்தை ஓரளவு காட்டிக்கொடுக்கும்.

== கூலி முறைகள் ==

கூலி மூன்று வகையில் பேசப்படுகிறது.

* '''நாள்கூலி:''' கொத்தனார், சித்தாள் ஆகியோருக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்பது. என்ன வரும் என்று தெரியாத பழுதுவேலைக்கு ஏற்றது. மேற்பார்வை இல்லையெனில் நாட்கள் நீளும்.
* '''சதுர அடிக் கூலி:''' பொருளை வீட்டுக்காரர் வாங்கித் தர, செய்த பரப்புக்குக் கூலி தருவது. தரை ஓடு, பூச்சு, வண்ணம் ஆகியவற்றுக்கு ஏற்றது. யார் அளப்பது, திறப்புகளைக் கழிப்பதா என்பதை முன்பே பேசவேண்டும்.
* '''பொருளுடன் ஒப்பந்தம்:''' பொருளும் கூலியும் சேர்த்து ஒரே தொகை. கவலை குறைவு, ஆனால் பொருளின் தரம் பெயர் குறிப்பிட்டு எழுதப்படாவிட்டால் சச்சரவு எழும்.

முன்பணத்தை மொத்தமாகத் தராமல், முடிந்த வேலைக்கு ஏற்பத் தவணையாகத் தருவதும், கடைசித் தவணையாக ஒரு பகுதியைக் குறைகள் சரிசெய்யப்படும் வரை நிறுத்திவைப்பதும் வழக்கம். அதே வேளையில், வாரக்கூலியை நம்பி வாழும் தொழிலாளருக்குச் சனிக்கிழமைக் கூலியைத் தள்ளிப்போடுவது முறையன்று. தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994 முதல் செயல்படுகிறது. அதில் பதிவுபெற்றவருக்கு விபத்து உதவி உள்ளிட்ட பயன்கள் உண்டு என்பதால், பதிவு உள்ளதா என வேலைக்கு முன் கேட்டறிவது இரு தரப்புக்கும் நன்மை தரும்.

=== சொந்த உழைப்பின் மதிப்பு ===

சொந்த உழைப்புக்கு விலையில்லை எனக் கொள்வது பரவலான பிழை. மேற்கூறிய 507 சதுர அடிக்கு வண்ணம் பூசச் சதுர அடிக்கு 12 ரூபாய் கூலி எனில், தாமே செய்வதால் 6,084 ரூபாய் மிச்சமாகும். இதற்காக ஒருவர் நாளொன்றுக்கு 900 ரூபாய் வீதம் 6 நாட்கள் சம்பளமில்லா விடுப்பு எடுத்தால் 5,400 ரூபாயை இழக்கிறார். உண்மையான மிச்சம் 684 ரூபாய் மட்டுமே. அதே வேலையை விடுமுறை நாட்களில் செய்தால் முழுத்தொகையும் மிச்சம். எனவே விடுப்பு தேவைப்படாத வேலைகளையே வீட்டார் ஏற்பது சிக்கனமானது.

== மறைந்திருக்கும் செலவுகள் ==

சீரமைப்பில் அடிக்கடி விடுபடும் செலவுகள் பின்வருவன:

* இடிபாடுகளை அகற்றும் வண்டிச் செலவு. இவற்றை வைகைக் கரையிலோ கண்மாயிலோ கொட்டுவது நீர்வழியை அடைக்கும். மாநகராட்சி காட்டும் இடத்திலேயே சேர்க்க வேண்டும்.
* குறுகிய சந்துகளில் வண்டி நுழையாதபோது தலைச்சுமையாகக் கொண்டுசெல்லும் கூலி.
* பழைய தரையின் மேலேயே ஓடு பதித்தால் தரை உயர்வதால், எல்லாக் கதவுகளின் அடியையும் அறுக்கும் தச்சுக்கூலி.
* குழாயை மாற்றத் தோண்டிய சுவருக்கு மீண்டும் பூச்சும் வண்ணமும்.
* கரையான் அரித்த நிலை, துலாம் ஆகியவற்றின் மாற்றுச் செலவு.
* சமையலறை வேலை நடக்கும் நாட்களில் வெளியில் உண்ணும் செலவு. கழிப்பறை வேலையாயின் தற்காலிக ஏற்பாடு.
* கூடுதல் மின்சுமைக்கான கட்டணம். குளிர்சாதனம் பொருத்தினால் பழைய கம்பி தாங்காது.

இவற்றில் முன்கூட்டியே கணிக்கக்கூடியவற்றைத் தனி வரியாக எழுதவேண்டும். கணிக்க இயலாதவற்றுக்கு எதிர்பாராச் செலவு ஒதுக்கீடு செய்யப்படுகிறது. வண்ணம் போன்ற மேற்பரப்பு வேலைக்கு 10 விழுக்காடும், குழாய், தளம் தொடர்பான வேலைக்கு 15 முதல் 20 விழுக்காடும், சுண்ணாம்புச் சுவர் அல்லது மட்டப்பா உள்ள பழைய வீட்டுக்கு அதற்கு மேலும் ஒதுக்குவது நடைமுறைக்கு ஏற்றது. இத்தொகையைக் கூடுதல் அழகுக்காகச் செலவிடலாகாது.

== மாதிரிக் கணக்கு ==

மேலே கண்ட 120 சதுர அடி அறைக்குத் தரை ஓடும் வண்ணமும் மாற்றும் கணக்கு கீழே தரப்படுகிறது. விலைகள் கணக்கை விளக்குவதற்காகக் கொள்ளப்பட்டவையே. அவ்வப்போதைய சந்தை விலையை இட்டுக் கணக்கிட வேண்டும்.

* தரை ஓடு, 160 சதுர அடி × 55 = 8,800 ரூபாய்
* பதிக்கும் கூலி, 120 சதுர அடி × 30 = 3,600 ரூபாய்
* சுவரடிப் பட்டைக் கூலி, 41 அடி × 20 = 820 ரூபாய்
* சிமெண்ட், 4 மூட்டை × 400 = 1,600 ரூபாய்
* மணல், 22 கன அடி × 70 = 1,540 ரூபாய்
* இடிபாடு அகற்றும் வண்டி = 1,500 ரூபாய்
* வண்ணம், 5 லிட்டர் × 400 = 2,000 ரூபாய்
* முதற்பூச்சு, 3 லிட்டர் × 200 = 600 ரூபாய்
* பட்டி, 20 கிலோகிராம் × 35 = 700 ரூபாய்
* தூரிகை, உருளை, உப்புத்தாள் = 600 ரூபாய்
* முகக்கவசம், கையுறை, கண்ணாடி = 300 ரூபாய்
* கூட்டுத்தொகை = 22,060 ரூபாய்
* எதிர்பாராச் செலவு, 15 விழுக்காடு = 3,309 ரூபாய்
* மொத்தம் = 25,369 ரூபாய்

பழைய தரையைப் பெயர்ப்பதும் வண்ணம் பூசுவதும் வீட்டாரின் வேலையாகக் கொள்ளப்பட்டதால் அவற்றுக்குக் கூலி சேர்க்கப்படவில்லை. ஓட்டின் விலை மட்டும் கூலியில்லாத் தொகையில் ஏறத்தாழப் பாதி இருப்பதைக் காணலாம். ஆகவே செலவைக் குறைக்க விரும்புவோர் கூலியைப் பேரம் பேசுவதை விட, ஓட்டின் தேர்வை மறுபரிசீலனை செய்வதே பயன் தரும்.

== நிதி ==

சேமிப்பு, சீட்டு, நகைக்கடன், வங்கியின் வீட்டுச் சீரமைப்புக் கடன் ஆகியவை வழக்கமான நிதி வழிகள். சீட்டு நிறுவனங்கள் 1982 ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டத்தின்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். பணி பாதியில் நிற்கும்போது பலர் நாடுவது தனியார் வட்டிக்கடன். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் என்பது கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றினாலும், ஒரு இலட்சம் ரூபாய்க்கு மாதம் 3,000 ரூபாய், ஆண்டுக்கு 36,000 ரூபாய் வட்டியாகும். அசல் அப்படியே இருக்கும். கந்துவட்டி, மீட்டர் வட்டி முதலியவற்றைத் தமிழ்நாடு அதிக வட்டி வசூலித்தலைத் தடைசெய்யும் சட்டம், 2003 குற்றமாக்கியுள்ளது. சட்டம் இருப்பினும் கடன் வாங்கியவரின் துயரம் எளிதில் நீங்குவதில்லை என்பதால், கையிருப்பு எவ்வளவோ அவ்வளவுக்கு மட்டும் பணியைப் பகுதிகளாகப் பிரித்துச் செய்வது பாதுகாப்பானது.

ஊரகப் பகுதியில் அரசுத் திட்டங்களின்கீழ் முன்பு கட்டப்பட்ட பழைய வீடுகளைப் பழுதுபார்க்க, தமிழ்நாடு அரசு 2024 ஆம் ஆண்டில் தனித் திட்டம் ஒன்றை அறிவித்தது. தகுதியுடையோர் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் விவரம் பெறலாம்.

== அனுமதி ==

கட்டடப் பணிகளைத் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 நெறிப்படுத்துகின்றன. வண்ணம், பூச்சு, தரை ஓடு போன்ற பராமரிப்பு வேலைகளுக்குப் பொதுவாக அனுமதி தேவைப்படாது. அறை அல்லது மாடி சேர்த்தல், தெருப்பக்கம் நீட்டுதல், பயன்பாட்டை மாற்றுதல் ஆகியவற்றுக்கு அனுமதி பெறவேண்டும். 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரையிலான குடியிருப்புக்குச் சுயசான்று அடிப்படையில் இணையவழியில் அனுமதி பெறும் முறை 2024 சூலையில் தொடங்கப்பட்டது. மீனாட்சி அம்மன் கோயிலிலிருந்து ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் 9 மீட்டருக்கு மேல் கட்டடம் எழுப்பக் கட்டுப்பாடு உள்ளதால், அங்கு மாடி சேர்க்கத் திட்டமிடுவோர் பொருள் வாங்குமுன் மாநகராட்சியில் விசாரிக்க வேண்டும். மாடி வேலையின்போது, 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்புக் குழாய்கள் அடைபடாமல் பார்த்துக்கொள்வதும் அவசியம்.

== பாதுகாப்பு ==

வீட்டு வண்ணத்தில் ஈயத்தின் அளவை மில்லியனுக்கு 90 பங்காக வரையறுக்கும் இந்திய விதிகள் 2016 இல் அறிவிக்கப்பட்டு 2017 இல் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முற்பட்ட எண்ணெய் வண்ணங்களில் ஈயம் இருக்கலாம். அவற்றை உலர்நிலையில் தேய்த்தால் எழும் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஈரப்படுத்தித் தேய்ப்பதும், குழந்தைகளையும் கருவுற்ற பெண்களையும் அப்பால் வைப்பதும் வேண்டும். கல்நார் கூரைத் தகடுகளை உடைக்காமல், நனைத்து முழுதாக இறக்க வேண்டும். குளியலறை, சமையலறை மின்சுற்றுகளில் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியைப் பொருத்தும் செலவு, ஒரு பெட்டி ஓட்டின் விலையுடன் ஒப்பிடத்தக்கதே; அதைத் திட்டத்திலிருந்து நீக்கலாகாது.

== செலவைக் குறைக்கும் வழிகள் ==

கேரளத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917–2007), தேவையற்ற பூச்சைத் தவிர்த்தல், உள்ளூர்ப் பொருளைப் பயன்படுத்தல், பழையதை மீண்டும் பயன்படுத்தல் ஆகியவற்றை வலியுறுத்தினார். இடையில் வெற்றிடம் விட்டுச் செங்கல் அடுக்கும் எலிப்பொறிக் கட்டு முறையை அவர் பரவலாக்கினார். இம்முறையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாவதுடன் வெயிலின் தாக்கமும் குறையும். சமவெளியில் வழங்கும் பொருட்களில் மானாமதுரை ஓடுகளும் காரைக்குடிப் பகுதியின் ஆத்தங்குடித் தரைஓடுகளும் குறிப்பிடத்தக்கவை.

வேலையின் வரிசையும் செலவைத் தீர்மானிக்கிறது. நீர்க்கசிவைத் தடுத்தல், கட்டமைப்புப் பழுது, குழாய், மின்கம்பி, பூச்சு, தரை, வண்ணம் என்ற வரிசை மாறினால் முடித்த வேலையை மீண்டும் உடைக்க நேரிடும். மாடியில் நீர்க்கசிவு இருக்கையில் உட்கூரைக்கு வண்ணம் பூசுவது ஒரே மழையில் வீணாகும். பணம் குறைவாக உள்ளவர் இவ்வரிசையின் முற்பகுதியை மட்டும் இவ்வாண்டு முடித்துவிட்டு, தரையையும் வண்ணத்தையும் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கலாம். அவ்வாறு தள்ளிவைப்பதால் வீட்டுக்குக் கேடில்லை.

== வரம்புகள் ==

எழுதிய திட்டம் எவ்வளவு நுணுக்கமாக இருப்பினும் செலவு கூடுவதை முற்றாகத் தடுக்காது. விலையேற்றம், நோய், மழை ஆகியவை திட்டத்துக்குள் அடங்குவதில்லை. மேலும், வாடகை வீட்டில் வாழ்வோருக்கும் பங்காளிகளுக்கிடையே பிரிக்கப்படாத பூர்விக வீட்டில் வாழ்வோருக்கும், செலவைவிட உரிமை பற்றிய உடன்பாடே முதன்மையானது. எனினும், எந்தக் கட்டத்தில் நிறுத்தினாலும் வீடு குடியிருக்கத்தக்கதாக இருக்கும்படி பணிகளைப் பிரித்து வைப்பதற்குச் செலவுத் திட்டம் துணைசெய்கிறது.

== இவற்றையும் பார்க்க ==

* கட்டுமானப் பொருட்கள்
* சுண்ணாம்புச் சாந்து
* கான்கிரீட்
* மழைநீர் சேகரிப்பு
* ஆத்தங்குடித் தரைஓடு
* லாரி பேக்கர்
* திருமலை நாயக்கர் அரண்மனை